தபால் முத்திரையா, தபால்காரரா?

வாசகர் கேள்வி: அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோவில்பட்டிப் பக்கம். நான் எழுதிய பன்னிரண்டு சிறுகதைகள் 'முகவரி மாறியவர்கள்' என்ற தலைப்பில் புத்தகமாக வரப்போகின்றன. டெம்மி என்னும் வழக்கமான புத்தக அளவு, 144 பக்கம், விலை 180 ரூபாய், முதலில் 300 பிரதி. பதிப்பகம் அனுப்பிய அட்டையில் வெளிர் மஞ்சள் பின்னணியில் பாதி அழிந்த ஒரு தபால் முத்திரை, அவ்வளவுதான். இதற்கு 6,000 ரூபாய் தனியாகக் கேட்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் என் மருமகன் ஏ.ஐ.யில் அரை மணி நேரத்தில் ஓர் அட்டை செய்து கொடுத்தார். சைக்கிளில் தபால்காரர், கரிசல் காடு, திண்ணையில் பாட்டி, சாயங்கால வெளிச்சம் என்று எல்லாக் கதையும் அதில் வந்துவிட்டது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. உள்ளே சரக்கு இருந்தால் போதாதா, அட்டைக்கு இத்தனை பாடு எதற்கு என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. இரண்டு அட்டைகளையும் ஒரு கதையையும் இணைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்? பின்னட்டையில் என் படமும் பணிக்கால விருதுகளும் போடலாமா?

ஐயா, வணக்கம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிப்பகம் அனுப்பியதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது இருக்கிறபடி அதை அச்சுக்கு விடாதீர்கள், நாலைந்து இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது. மருமகன் செய்ததை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதையும் விளக்கமாகவே சொல்கிறேன். இல்லாவிட்டால் வீட்டில் உங்களுக்குத்தான் சங்கடம்.

சரக்கு விஷயத்துக்கு வருவோம். சரக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிய யாராவது புத்தகத்தைத் திறக்க வேண்டும் அல்லவா? உங்களைத் தெரிந்தவர்கள் அட்டை எப்படி இருந்தாலும் திறப்பார்கள். கூட வேலை பார்த்தவர்கள், சொந்தபந்தம், வாட்ஸ்அப் குழு நண்பர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். அட்டை அவர்களுக்காக அல்ல, உங்கள் பெயரை இதுவரை கேள்விப்படாதவருக்காக. ஜனவரியில் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது அவரைப் பார்க்கலாம். ஒரு கையில் பை, இன்னொரு கையில் பிள்ளையின் விரல். மேசை மேல் புத்தகங்கள் முகம் பார்த்தபடி வரிசையாகக் கிடக்கின்றன. பார்வை அப்படியே ஓடுகிறது, ஏதோ ஒன்றில் நிற்கிறது, கை எடுக்கிறது. உடனே திருப்பிப் பின்னட்டையைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார், பிறகுதான் முதல் பக்கம். அந்த முதல் பக்கம் வரைக்கும் உங்கள் பன்னிரண்டு கதைகளில் ஒன்றுகூட உங்களுக்கு உதவிக்கு வராது. அதுவரை அட்டை மட்டும்தான். முதல் வரியை அவர் படிக்க ஆரம்பித்ததும் அட்டையின் வேலை முடிந்தது, மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அட்டை இவ்வளவு குறுகிய நேரம் உழைப்பதால்தான், அதில் எல்லாக் கதையும் வர வேண்டும் என்ற ஆசையை விடச் சொல்கிறேன். முதல் புத்தகம் போடுகிற அநேகமாக எல்லோருக்கும் இந்த ஆசை உண்டு. அட்டைக்குக் கதையைச் சொல்லும் வேலை கிடையாது. உள்ளே எந்த மாதிரிக் குரல் பேசுகிறது என்று சொன்னால் போதும். சிரிக்கிற குரலா, குமுறுகிற குரலா, ஒன்றும் நடக்காதது போலச் சொல்லிவிட்டுப் போகிற குரலா? அந்தக் குரல் பிடித்தவர் கையில் எடுப்பார், பிடிக்காதவர் நகர்ந்துவிடுவார். நகர்ந்துவிடுவதும் நல்லதுதான். தப்பான எதிர்பார்ப்போடு வாங்கியவர் பத்துப் பேரிடம் திட்டிக்கொண்டு திரிவார்.

இதை என்னைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்கா. 1915-இல் 'உருமாற்றம்' கதை புத்தகமாக வர இருந்தது. காலையில் கண் விழிக்கும் ஒருவன் பெரிய பூச்சியாக மாறிக் கிடக்கிறான் என்பதுதான் கதையின் தொடக்கமே. ஒட்டோமார் ஸ்டார்க்கே என்ற ஓவியர் அட்டைக்குப் படம் வரையப்போகிறார் என்று தெரிந்ததும் காஃப்கா பதறிப்போய்ப் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் தெரிவது போலக்கூடக் காட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். வந்த அட்டையில் பூச்சி இல்லை. பாதி திறந்த கதவு, அதற்குள் இருட்டு, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அங்கிருந்து விலகி வரும் ஒரு மனிதன். பூச்சியை வரைந்திருந்தால் வாசகர் மனதில் ஒரே ஒரு பூச்சிதான் இருந்திருக்கும், ஸ்டார்க்கே வரைந்த பூச்சி.

அதற்காக முகமும் உருவமும் அட்டைக்கு ஆகாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள் உங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். மிரண்ட கண்ணோடு ஒரு பெண், பின்னால் ஒரு கை, கையில் துப்பாக்கி. இலக்கியக்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அந்த அட்டைகள் மேல் மரியாதை உண்டு. பஸ் கிளம்புவதற்குள், ஜன்னலோரச் சீட்டில் இருப்பவர் எட்டிப் பார்த்து, கடைக்காரரைக் கூப்பிட்டு வாங்க வேண்டும். அந்த அவசரத்துக்கு அந்த அட்டைதான் சரி. ஜெயராஜும் மாருதியும் வரைந்த முகங்களுக்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் இருந்தார்கள். உள்ளே இருந்த குரலும் வெளியே இருந்த முகமும் ஒன்றாக இருந்தன, ஏமாற்று எதுவும் இல்லை.

உங்கள் கதையைப் படித்தேன். இடித்துத் தள்ளிவிட்ட வீட்டின் கதவெண்ணுக்கு ஒரு பதிவுத் தபால் வருகிறது. அண்ணனும் தம்பியும் அது எனக்குத்தான் என்று தபால் ஆபீஸ் வாசலில் மல்லுக்கு நிற்கிறார்கள். நீங்கள் யார் பக்கமும் சாயவில்லை, கண்ணீரும் இல்லை, அலுவலகக் குறிப்பு எழுதுவது போல எழுதிக்கொண்டே போய்ச் சிரிக்கவைக்கிறீர்கள். நல்ல வறட்டுக் குரல். இதை இனி மருமகன் செய்த அட்டை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொன்னாக இறங்கும் சாயங்கால வெயில், சைக்கிளுக்குப் பின்னால் புழுதி, திண்ணையில் ஏக்கத்தோடு காத்திருக்கும் பாட்டி. இந்த அட்டையைப் பார்த்து வாங்குபவர் 'அந்தக் காலம்போல வருமா' என்று பெருமூச்சு விடத் தயாராகி வருவார். அவர் கையில் நீங்கள் கொடுப்பதோ அண்ணன் தம்பி அடிதடி. என்னுடைய முதல் மறுப்பு இதுதான். ஏ.ஐ. செய்தது என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

சரி, ஏ.ஐ. பற்றியும் சொல்லிவிடலாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் இருக்கும் தபால் பெட்டியைக் கவனித்தீர்களா? ஒரு கம்பத்தின் மேல் படுக்கை வாட்டில் உட்கார்ந்திருக்கிறது, பக்கவாட்டில் குட்டியாகச் சிவப்புக் கொடி. அமெரிக்காவில் வீட்டு வாசலில் நிற்கும் பெட்டி அது. நம் ஊரில் அப்படி ஒன்றை நீங்கள் திறந்து தபால் எடுத்திருக்கவே முடியாது. சைக்கிளுக்குச் செயின் இல்லை. பாட்டிக்கு மூக்கில் பெரிய வளையம், காதில் ஜிமிக்கி. கரிசல் பாட்டி என்றால் வளர்த்த காது, அதில் தொங்கும் பாம்படம் என்றுதானே நம் கண்ணுக்கு வரும்? கடைப் பலகையில் இருப்பது தூரத்தில் தமிழ் போலத் தெரிகிறது, கிட்டப் போனால் ஓர் எழுத்துகூட எழுத்து இல்லை. வாட்ஸ்அப்பில் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பட்டிருக்காது. புத்தகமாகக் கையில் எடுப்பவருக்குப் படும். அதுவும் தபால் துறைக்காரர் எழுதிய புத்தகத்தில் தபால் பெட்டியே தப்பாக இருந்தால், உள்ளே எழுதியிருப்பதையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இணையத்தில் புத்தகம் விற்கிற இடங்களில் அந்த அளவில்தான் தெரியும். தபால்காரர், பாட்டி, காடு எல்லாம் கலந்து பழுப்புக் கறையாகிவிடுகிறது. பதிப்பகத்தின் அட்டையை அதே அளவுக்குச் சுருக்கினாலும் வட்ட முத்திரை வட்டமாகவே நிற்கிறது.

அந்த அட்டையில் ஒரு முத்திரை, 'அவ்வளவுதான்' என்கிறீர்கள். வெறுமையாக இருப்பதால் உழைப்பில்லாத அட்டை என்று நினைத்துவிட வேண்டாம். 1935-இல் இங்கிலாந்தில் ஆலன் லேன் பெங்குவின் புத்தகங்களைத் தொடங்கினார். விலை ஆறு பென்ஸ். படமே கிடையாது. நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம் என்று மேலும் கீழும் பட்டை, நடுவில் வெள்ளையில் தலைப்பு, கீழே எட்வர்ட் யங் என்ற இளைஞர் மிருகக்காட்சி சாலைக்குப் போய் வரைந்துவந்த பெங்குவின். கடையில் தூரத்திலிருந்தே நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். 1947-இல் யான் சிக்கோல்டு என்ற அச்செழுத்து வல்லுநர் அங்கே வந்து சேர்ந்தார். பட்டை, நிறம் எதையும் அவர் பெரிதாக மாற்றவில்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம், வரிக்கும் வரிக்கும் நடுவே எவ்வளவு இடம் என்றுதான் மல்லாடிக்கொண்டிருந்தார். அட்டையில் பொருள் குறையக் குறைய, மிச்சம் இருப்பது மில்லிமீட்டர் பிசகாமல் இருக்க வேண்டும். உங்கள் அட்டையில் அதுதான் இன்னும் நடக்கவில்லை.

முதலில் தலைப்பு. என் கண்ணுக்கு அட்டையின் பெரிய குறையும் அதுதான். எழுத்து மெலிசு, நிறம் சாம்பல், அது நிற்பது வெளிர் மஞ்சளில். டியூப் லைட் வெளிச்சத்தில் ஆறடி தூரத்திலிருந்து ஒருவராலும் படிக்க முடியாது. அடர்ந்த கருநீலத்துக்கோ கறுப்புக்கோ மாற்றச் சொல்லுங்கள், எழுத்தையும் தடிமனாக்கச் சொல்லுங்கள். அடுத்தது, தலைப்பை இரண்டு வரியாக்கி நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். மேல்வரியில் 'முகவரி' சின்னது, கீழ்வரியில் 'மாறியவர்கள்' நீளம். நடுவில் நிறுத்தும்போது 'மு' சரியாக 'றி'க்கு மேலே போய் உட்காருகிறது. 'மு'வின் கீழ் வளைவும் 'றி'யின் மேல்விலங்கும் முட்டிக்கொள்கின்றன. உங்களுக்கு வந்த படத்தைப் பெரிதாக்கினால் தெரியும். வரிகளுக்கு இடையே இடம் விட்டால் முட்டாது, ஆனால் தலைப்பு இரண்டாகப் பிளந்து நிற்கும். இரண்டு வரியையும் இடது ஓரத்தில் சேர்த்துவிட்டால் 'மு'வுக்குக் கீழே 'மா' வந்துவிடும், அங்கே மேலே எழும்பும் குறி எதுவும் இல்லை, வரிகளை நெருக்கமாக வைக்கலாம். தமிழில் இந்தத் தொல்லை நிறைய. மேலே விலங்கு, புள்ளி, கீழே சுழி என்று எழுத்து எல்லாப் பக்கமும் கை நீட்டும். ஆங்கிலத் தலைப்பை வைத்துப் பழகிய வடிவமைப்பாளர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை.

முடிந்தால் தலைப்பைக் கையால் எழுதித் தரச் சொல்லுங்கள் என்றுகூடச் சொல்வேன். கணினி வருவதற்கு முன்னால் தமிழ்ப் புத்தகத் தலைப்புகளை ஓவியர்தான் எழுதுவார், அதை பிளாக் என்னும் அச்சுக்கட்டையாக எடுத்து அச்சடிப்பார்கள். ஓவியர் ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் இலக்கியப் பதிப்பகங்களுக்கும் எழுதிக்கொடுத்த தலைப்பெழுத்துகளைத் தேடிப் பாருங்கள். படம் எதுவும் இல்லாமல், எழுத்தின் தடிப்பும் வளைவும் மட்டுமே அட்டையாக நிற்கும். இப்போது எல்லோர் கணினியிலும் இருப்பது ஒரே பத்துப் பதினைந்து எழுத்துருதான். அதனால் புத்தகக் காட்சி மேசையில் பாதித் தலைப்புகள் ஒரே கையெழுத்துப் போலத் தெரிகின்றன. நீங்களே ஆயிரக்கணக்கில் ரசீது எழுதியவர். மைப் பேனாவில் தலைப்பை இருபது தடவை எழுதி அனுப்பிப் பாருங்கள். அதில் ஒன்று தேறலாம், தேறாமலும் போகலாம். முயல்வதில் நஷ்டம் இல்லை.

இரண்டாவது, முத்திரை. யோசனை அருமை. உங்கள் தலைப்புக்கும் அந்த வறட்டுக் குரலுக்கும் அதுதான் பொருத்தம். ஆனால் பதிப்பகத்தின் வடிவமைப்பாளர் இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு முத்திரையை எடுத்துப் போட்டிருக்கிறார். ஓரத்தில் பாதி அழிந்து தெரியும் எழுத்துகள் ஐரோப்பிய ஊர்ப் பெயர் போல இருக்கின்றன. உங்களிடம் பழைய இன்லண்டு கடிதமோ கார்டோ இல்லாமலா இருக்கும்? உங்கள் ஊர் முத்திரை லேசாக இழுத்துக்கொண்டு, ஒரு பக்கம் மை கூடி, ஒரு பக்கம் விட்டுப்போய் விழுந்ததாக ஒன்றைத் தேடுங்கள். ரொம்பச் சுத்தமாக விழுந்தது வேண்டாம்.

ஸ்கேன் செய்யும்போது ஒரு கணக்கு. நிஜ முத்திரை சுமார் ஓர் அங்குலம். அட்டையில் அது நாலு அங்குலமாக வரப்போகிறது. அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஆக, 1,200 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 1,200 புள்ளியில், ஸ்கேன் செய்தால்தான் நாலு மடங்கு பெரிதாக்கினாலும் மையின் துணுக்குகள்கூடத் துல்லியமாக நிற்கும். செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கலாக இருக்கும். ஸ்கேன் கோப்பை மெயிலில் அனுப்புங்கள். கார்டில் யாருடைய பெயரோ முகவரியோ இருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பச் சொல்லி நினைவுபடுத்த வேண்டிய ஆள் நீங்கள் இல்லை.

இதில் இன்னொரு லாபம், படம் உங்களுடையது. இணையத்தில் கிடைப்பதெல்லாம் இலவசம் என்று நினைத்து எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். இந்தியச் சட்டப்படி ஓர் ஓவியத்தின் உரிமை, வரைந்தவர் இறந்து 60 ஆண்டு வரை அவருடைய வாரிசுகளிடமோ அவர்கள் எழுதிக்கொடுத்தவரிடமோ இருக்கும். 300 பிரதிக்கு யார் கேட்கப்போகிறார்கள் என்பார்கள். அதே அட்டை அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலில் ஏறினால் உலகம் முழுக்கத் தெரியும். அப்புறம், அமேசானில் ஏற்றும்போது அட்டைப் படம் ஏ.ஐ. செய்ததா என்று கேட்பார்கள், மறைக்காமல் சொல்ல வேண்டும். மின்நூலுக்கு 1,600-க்கு 2,560 பிக்சல் அளவில் முகப்பை மட்டும் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெம்மியைவிட அது கொஞ்சம் ஒல்லி, அச்சு அட்டையை அப்படியே நசுக்கி ஏற்றக் கூடாது.

மூன்றாவது, முதுகு. உங்களுக்கு அனுப்பிய படத்தில் முதுகே இல்லை, முகப்பு மட்டும் இருக்கிறது. எல்லோரும் மறக்கிற இடம் இது. மேசையில் முகம் தெரியும், ஆனால் நூலகத்திலும் வீட்டு அலமாரியிலும் ஆயுசு முழுக்கத் தெரியப்போவது முதுகுதான். 144 பக்கம் என்றால் 72 தாள். 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம் எடை) மேப்லித்தோ தாள் ஒன்று 0.09 மில்லிமீட்டர் என்று வைத்தால் முதுகு ஆறரை மில்லிமீட்டர்தான் வரும். அதில் தலைப்பும் பெயரும் வரலாம், பதிப்பகச் சின்னத்துக்கு இடம் இருக்காது. முதுகுக்குத் தனி நிறம் கொடுக்க வேண்டாம். ஒட்டும்போதும் வெட்டும்போதும் ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படி நகரும், அந்த நிறம் முகப்பில் கோடாக வழிந்து அசிங்கமாகத் தெரியும். முகப்பின் மஞ்சளே முதுகைச் சுற்றிப் பின்பக்கம் போகட்டும். எழுத்து மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அப்போதுதான் புத்தகம் முகம் மேலே இருக்கும்படி படுத்திருக்கையில் முதுகைத் தலை சாய்க்காமல் படிக்கலாம். நம் ஊரில் சிலர் மேலிருந்து கீழாகவும் சிலர் கீழிருந்து மேலாகவும் போடுகிறார்கள். நூலகத்தில் ஒரு வரிசையைப் படித்து முடிப்பதற்குள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். திரையில் தெரிகிற மஞ்சள் அப்படியே அச்சில் வராது. மஞ்சளாவது பரவாயில்லை, மருமகன் படத்தில் இருக்கும் அந்தப் பளபளக்கும் ஆரஞ்சு வெளிச்சம் நாலு வண்ண அச்சில் மங்கிப் போயிருக்கும். மினுக்காத மேட் லேமினேஷன் போட்டால் இன்னும் ஒரு படி இறங்கும். ஆனாலும் உங்கள் அட்டைக்கு மேட்தான் சரி. பளபளக்கும் கிளாஸ் லேமினேஷன் போட்டால் ஸ்டால் விளக்கு முழுதும் அட்டையில் அடித்துத் தலைப்பை விழுங்கிவிடும். கறுப்போ அடர்நிறமோ பின்னணியாக இருந்தால் மேட்டில் கீறலும் விரல் ரேகையும் தெரியும், வெளிர் மஞ்சளில் அந்தக் கவலை இல்லை. முத்திரைக்கு மட்டும் ஸ்பாட் யு.வி. என்னும் பளபளப்புப் பூச்சு போட்டு மினுக்கலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முத்திரை மை மினுக்காது.

அட்டை 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டாக இருக்கட்டும். அதன் தாள் இழை முதுகுக்கு இணையாக ஓடும்படி வெட்டச் சொல்லுங்கள். லேமினேஷன் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்பக்கம் ஈரக்காற்றைக் குடித்து உப்பும்போது வெளிப்பக்கம் நீளாமல் பிடித்துக்கொள்ளும், அட்டை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கடலோர ஊர்களில் இது சகஜம். இழை சரியாக இருந்தால் கொஞ்சம் அடங்கும்.

பின்னட்டை. படம் போடலாம், சின்னதாக. பாஸ்போர்ட் போட்டோ வேண்டாம், வீட்டு வாசலில் இயல்பாக எடுத்தது போதும். விருதுப் பட்டியல் உள்ளே ஆசிரியர் குறிப்பில் போகட்டும். பின்னட்டையில் கதையின் சுருக்கமோ பெரியவர்களின் பாராட்டோ வேண்டாம் என்பது என் கட்சி. பதிவுத் தபால் கதையில் அண்ணன் தம்பி வாய்ச்சண்டை வருகிறதே, அதிலிருந்து ஆறேழு வரியை அப்படியே எடுத்துப் போடுங்கள். குரலைக் காட்ட அதைவிட வேறென்ன வேண்டும்? பார்கோடு வெள்ளைக் கட்டத்தில் கறுப்புக் கோடாக இருக்கட்டும். அழகுக்காகச் சிவப்பில் போட்டால், சிவப்பு வெளிச்சத்தால் படிக்கும் ஸ்கேனருக்கு அந்தக் கோடுகள் கண்ணில் படாது. ஐ.எஸ்.பி.என். என்னும் புத்தக அடையாள எண்ணுக்கு என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், நம் நாட்டில் அதை அரசு இலவசமாகவே கொடுக்கிறது.

பின்னட்டை வரிகளை அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பில் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். யூனிகோடு தமிழைச் சில வடிவமைப்பு மென்பொருள்களில் சரியான அமைப்பு இல்லாமல் ஒட்டினால் கொம்பு இடம் மாறிவிடும். 'கொ'வில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உள்ளே 144 பக்கமும் மெய்ப்புப் பார்த்துவிட்டு அட்டையில் கொம்பு உடைந்து வந்த புத்தகங்கள் எத்தனையோ. எழுத்தை கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றிய பிறகுதான் பிரஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும், நீங்கள் பார்க்க வேண்டியதும் அதற்குப் பிந்தைய கோப்பைத்தான்.

இனிப் பணம். 6,000 ரூபாயை 300 பிரதிக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய். 180 ரூபாய்ப் புத்தகத்தில் அது ஒன்பதில் ஒரு பங்கு, சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். வடிவமைப்பாளருக்கு அந்த 6,000 நியாயமான கூலிதான். அதை நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. உங்களுக்கு ராயல்டி கொடுத்துத் தன் செலவில் போடுகிற பதிப்பகம் என்றால் அட்டைச் செலவும் அவர்களுடையது. அச்சுச் செலவை நீங்கள் ஏற்கிறீர்கள் என்றால் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் பணத்தோடு உரிமையும் வர வேண்டும். திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பு, மறுபதிப்புக்கும் மின்நூலுக்கும் பயன்படுத்தும் உரிமை இரண்டையும் ஒரு மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள். வடிவமைத்தவர் பெயரை இரண்டாம் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

மருமகன் மனம் கோணாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. அவருக்கு ஸ்கேன், கோப்பு, பிக்சல் எல்லாம் கைவந்த வேலையாகத் தெரிகிறது. முத்திரையை ஸ்கேன் செய்து சுத்தப்படுத்தித் தரும் பொறுப்பை அவரிடம் விடுங்கள். கிண்டில் முகப்பையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

திருத்திய அட்டை வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் போட்டு வாக்கெடுப்பு நடத்த வேண்டாம். நிஜ அளவில் ஒரு கலர் பிரிண்ட் எடுத்து, வீட்டில் இருக்கும் டெம்மி புத்தகம் ஒன்றுக்குச் சுற்றி, மற்றப் புத்தகங்களோடு மேசையில் பரப்பி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எது பிடித்திருக்கிறது என்று கேட்காதீர்கள். நடந்து போகச் சொல்லிவிட்டு, 'அந்த மஞ்சள் புத்தகத்தின் பெயர் என்ன?' என்று மட்டும் கேளுங்கள். சொல்லிவிட்டால் தலைப்பு தேறிவிட்டது.

முத்திரையை இந்த வாரமே தேடி அனுப்பிவிடுங்கள். புத்தகக் காட்சிக்கு என்று எல்லோரும் டிசம்பரில்தான் பிரஸ்ஸுக்கு ஓடுவார்கள். மாதம் பாதி தாண்டிவிட்டால், உங்கள் அட்டையில் மஞ்சள் கொஞ்சம் கூடிவிட்டது என்று சொல்ல நீங்கள் போன் பண்ணும்போது அந்தப் பக்கம் லேமினேஷன் முடிந்திருக்கும்.